எங்கள் கழகத்தின் ஸ்தாபகர்

உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வெள்ளிவிழா மலரில் எங்கள் பாலையூற்று மகளிர் கழகத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அரைப் பக்கத்திலும் பாதி, தலைவர் சோமசேகரம் அவர்களின் படம். படத்தின் கீழே ‘ஸ்தாபகர்’ என்று போட்டாயிற்று. மிச்சமிருக்கிற இடத்துக்குள் கழகத்தின் வரலாற்றைச் சுருக்கித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. நான் ரபீக்கா, அந்தக் கழகத்தில் பின்வரிசையில் ஆடியவள். சோமசேகரம் அவர்கள் ஸ்தாபகரான கதையை நான் கண்டபடி முழுதாகவே எழுதுகிறேன். போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

கழகத்தைத் தொடங்கியது குணேஸ்வரி அக்கா. பாலையூற்றுச் சங்கக்கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கிறவர். யுத்தம் தொடங்கி, பெடியன்கள் வெளியே வரப் பயந்து வீட்டுக்குள் கிடந்த நாட்களில், அவர்கள் விட்டுப்போன பந்தை எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். நல்ல மைதானங்களில் எல்லாம் ஏதோ ஒரு படை கூடாரம் அடித்திருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உட்துறைமுகப் பக்கமாகக் கிடந்த ஒரு புல்வெளி. அதன் ஒரு பக்கம் முகாமின் முட்கம்பி வேலி. மற்ற மூன்று பக்கமும் மாடுகள்.

மாடுகள் மிதித்தும் மழை கழுவியும் கோடுகள் கிழமைக்குக் கிழமை அழிந்துபோகும். எங்களிடம் அளவுநாடா இல்லை. எங்கள் பந்துக்காப்பாளர் தங்கமலருக்கு நல்ல நீண்ட கால்கள், அவள் எடுத்துவைக்கும் எட்டுத்தான் எங்கள் அளவுநாடா. சனிக்கிழமை காலையில் அவள் முன்னதாகவே போய், எட்டுகளை உரத்து எண்ணிக்கொண்டு நேராக நடந்து, மூலைக்கு மூலை குச்சி நட்டு, பழைய பால்மாத் தகரப் பேணியிலிருந்து சுண்ணாம்புத் தூளைக் கோடாகத் தூவி வைப்பாள். வேறு யாரும் அளக்கக் கூடாது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று நான் அளக்கப்போய், மைதானம் சிறுத்துவிட்டது என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது மைதானத்தில் பாதிவரைதான் குச்சிகள் நடப்பட்டிருந்தன. பேணி கவிழ்ந்து கிடந்தது. தங்கமலரைக் காணவில்லை.

முகாம் காவலரணிலிருந்து வந்து அவளைப் பிடித்துப்போனவனை நான் குறை சொல்லமாட்டேன். முதல் நாள்தான் வந்த புதுப் படையாம். விடியக்காலையில் ஒரு நெட்டைப் பெட்டை முகாம் வேலியோரமாக நேர்கோட்டில் நடக்கிறாள், எதையோ உரத்து எண்ணுகிறாள், நின்று குச்சி நடுகிறாள், வெள்ளைத் தூள் போடுகிறாள். இந்த ஊரில் அந்தக் காலத்தில் அதைப் பார்த்து உதைபந்தாட்டம் என்று நினைக்கிறவன் ஒருவன் இருந்திருந்தால் அவன்தான் லூசு.

முகாம் வாசலில் மொழிபெயர்ப்புக்கு நின்ற பொலிஸ் கான்ஸ்டபிள் சரீப் எங்கள் பக்கத்து ஆள். அவர்தான் விசயத்தைச் சொன்னார். யார் அளக்கச் சொன்னது என்று உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கமலர் வாயே திறக்கவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னால் அக்காவையும் பிடித்துவிடுவார்கள் என்று பயம். வாயைத் திறக்காதபடியால் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

அக்கா உடனே உள்ளே போகப் புறப்பட்டார். சரீப் மறித்தார்.

“நீ போய்ச் சொன்னா உள்ளுக்கு ரெண்டு பேராகும் தங்கச்சி, அவ்வளவுதான். பிடிபட்ட ஆக்களை ஏத்திக்கொண்டு பின்னேரம் ஒரு வாகனம் வெளிக்கிடும். அதுக்கு முன்னால ஒரு பெரிய அமைப்பு வந்து, இது எங்கட விளையாட்டுக்காரிதான் எண்டு முகாம் பெரியவருக்கிட்டச் சொல்லோணும். ஏத்திட்டாங்கண்டா பிறகு நான் கண்டனோ, நீ கண்டியோ.”

ஏற்றிக்கொண்டு போனவர்களைத் தேடி முகாம் முகாமாக நடந்த தாய்மார்களை எங்களுக்குத் தெரியும். தங்கமலரின் தாய் கமலாதேவி மாமிக்கும் தெரியும். அவர் அழவில்லை. எந்தப் பெரிய அமைப்பு என்று மட்டும் கேட்டார்.

இருந்தது ஒன்றுதான். ஓர்ஸ் ஹில்லில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் சம்மேளனத்தின் காரியாலயம். யுத்தம் தொடங்கிய பிறகு சம்மேளனம் ஒரு சுற்றுப்போட்டிகூட நடத்தவில்லை. ஆனால் செயற்குழுக் கூட்டம் ஒன்றையேனும் தவறவிட்டதில்லை. அன்று மத்தியானமும் கூட்டம் இருந்தது. அல்லாஹ் கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் படியேறினோம்.

தலைவர் சோமசேகரம், உபதலைவர் கனகரத்தினம், செயலாளர் கலீலுர் றஹ்மான், இவர்களோடு தலையாட்டுவதற்கென்று தெரிவு செய்யப்பட்ட ஏழெட்டுப் பேர். வாசலிலேயே அக்கா விசயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். எல்லோரும் கேட்டார்கள். அடடா என்றார்கள். பிறகு தலைவர், முறைப்படி கூட்டத்தை ஆரம்பித்தால்தான் முறைப்படி அனுதாபப்படலாம் என்று சொல்லி, எங்களைச் சுவரோர வாங்கில் இருத்தினார்.

முதலில் மௌன அஞ்சலி. காலஞ்சென்ற பதவியாளர்களுக்கு ஆளுக்கொரு தடவை தனித்தனியாக எழுந்து நிற்பது அங்கே வழக்கம். எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக நின்றால் முன்னாள் தலைவரும் முன்னாள் கணக்காளரும் ஒரே தரமாகிவிடுவார்களாம். எழுந்தோம், இருந்தோம். எழுந்தோம், இருந்தோம். யுத்தத்தில் செத்தவர்களும் நோய்வருத்தத்தில் செத்தவர்களும் முடிய, ஒருவர் பெயரை விட்டுவிட்டோம் என்று கனகரத்தினம் நினைவூட்டினார். அவர் இன்னும் சாகவில்லை, கனடாவில் இருக்கிறார் என்று செயலாளர் சொன்னார். அப்படியானால் அவருக்காக இருந்தபடியே மௌனம் காக்கலாம் என்று தீர்மானமாகியது.

நான் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமலாதேவி மாமி எழுந்து, ஐயா என் பிள்ளை என்று தொடங்கினார். செயலாளர் மிகவும் பணிவாகக் கையைக் காட்டி நிறுத்தினார். சம்மேளனத்தின் விதிக்கோவையான யாப்பின்படி உறுப்பினர் அல்லாதவர் செயற்குழுவில் பேச முடியாது. விசேட அதிதி மட்டும் பேசலாம்.

“அப்ப மாமியை விசேட அதிதியாக்குங்கோவன் சேர்” என்றார் அக்கா.

அது நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் விசேட அதிதி என்றால் வரவேற்பு வேண்டும். அலுமாரியைத் திறந்து, முந்தி எந்த மந்திரிக்கோ போட்ட கடதாசி மாலையைத் தூசு தட்டி எடுத்து மாமியின் கழுத்தில் போட்டார்கள். குத்துவிளக்குக்கு எண்ணெய் இல்லை. இரும்புக்கடையில் இருந்து மண்ணெண்ணெய் வாங்கிவரப்பட்டது. மாமி திரியைக் கொளுத்தினார். புகை எழும்பி எல்லோரும் இருமினோம். இருமலுக்கிடையில் கலீலுர் றஹ்மான் அவர்கள் அறிமுகவுரை ஆற்றினார்.

“விளையாட்டுக்காகத் தன் ஒரே மகளை இன்று முகாமுக்கே அனுப்பிவைத்திருக்கும் பெருமைக்குரிய அன்னையை எமது மத்தியில் கண்டு அகமகிழ்கின்றோம்.”

மாலையோடு நின்ற மாமி ஒரே ஒரு வசனம்தான் பேசினார்.

“என்ட பிள்ளையைக் கொண்டுபோகப் போறாங்கள் ஐயா, எழும்பி வாங்கோ.”

கை தட்டினார்கள். உரை சுருக்கமாகவும் கருத்தாழத்துடனும் அமைந்திருந்தது என்று தலைவர் பாராட்டினார். ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு அந்தக் குத்துவிளக்கைத் தூக்கி அவருடைய தலையில் போட வேண்டும்போல இருந்தது. மாமியைப் பிடித்து வாங்கில் இருத்தினேன்.

அடுத்து ஒரு யாப்புப் பிரச்சினை எழுந்தது. தங்கமலர் எமது கழகத்தின் வீராங்கனை என்று சம்மேளனம் சொல்லவேண்டுமானால் அப்படி ஒரு கழகம் பதிவில் இருக்கவேண்டும். அது இல்லை. அக்கா வருடா வருடம் பதிவுக்கு விண்ணப்பித்தார், சம்மேளனம் வருடா வருடம் அதை மகளிர் உபகுழுவுக்கு அனுப்பியது. மகளிர் உபகுழு ஒருபோதும் கூடியதில்லை. அதில் ஒரு பெண் அங்கத்தவர் இருக்கவேண்டும், அந்தப் பெண் ஒரு பதிவு செய்யப்பட்ட மகளிர் கழகத்தைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பது விதி. இந்த விதியை எழுதியது யார் என்று அக்கா கேட்டார். தலைவர் கூச்சத்தோடு சிரித்தார்.

கலீலுர் றஹ்மான் கெட்டிக்காரர். கழகம் தொடங்கிய நாளிலிருந்தே பதிவில் இருந்ததாக இன்றைக்குத் தீர்மானித்துவிடலாம் என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் தீர்மானத்தில் ஸ்தாபகரின் பெயர் வேண்டும். பெரியவர் முன்னால் போய் நிற்கும்போது, சங்கக்கடையில் சீனி நிறுக்கிற ஒரு பிள்ளை ஸ்தாபகர் என்றால் சம்மேளனத்தின் மதிப்பு என்னாவது?

“எனக்கு இந்த அணி பற்றி எண்பத்தைந்திலேயே ஒரு கனவு இருந்தது” என்றார் சோமசேகரம்.

கனவு கண்டவர் ஸ்தாபகர் ஆகமுடியாது என்று கனகரத்தினம் எதிர்த்தார். தான் ஒரு தடவை சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனபோது, இறங்கி நின்று, நல்லா விளையாடுங்கோ பிள்ளையள் என்று சொன்னதாகவும், அதுவே கழகத்தின் முதலாவது பயிற்சி என்றும் வாதிட்டார். இறங்கவில்லை, சைக்கிளில் இருந்தபடிதான் சொன்னார் என்று வேறொருவர் சாட்சி சொன்னார். சத்தம் கூடியது. பழைய தகராறுகள் எல்லாம் வெளியே வந்தன. வெயில் யன்னலில் இருந்து மேசைக்கும் மேசையிலிருந்து சுவருக்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

“ஆர் எண்டாலும் பரவாயில்லை சேர்” என்றார் அக்கா. “ஆரையாவது போடுங்கோ. கெதியா வாங்கோ.”

வாக்கெடுப்பில் சோமசேகரம் அவர்கள் வென்றார். எங்கள் கழகம் அப்படித்தான் ஸ்தாபிக்கப்பட்டது.

பிறகும் உடனே புறப்படவில்லை. சம்மேளனத்தின் சின்னம் தைத்த கறுப்புக் கோட்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் பூச்சிமருந்து நெடியோடு எல்லோரும் வியர்த்து வழிந்தார்கள். பெரியவருக்குப் போடுவதற்கென்று மாமியின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வாடகைக்கு வான் ஒன்று பிடித்து, அதன் முன்னால் பதாகை கட்டினார்கள். அடுத்த சந்தியில் இருந்த சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி, பதாகையை அவிழ்க்கச் சொல்லி, கோட்டுப் பைகளைத் தடவிப் பார்த்து, நடந்து வந்து மறுபக்கத்தில் ஏறச் சொன்னார்கள். மறுபக்கத்தில் பதாகையைத் திரும்பக் கட்டும்வரை தலைவர் ஏற மறுத்துவிட்டார்.

நாங்கள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் அந்த வாகனம் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. கமலாதேவி மாமி என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. பிள்ளை இன்னும் உள்ளேதான் என்று சரீப் கண்ணால் காட்டினார்.

பெரியவர் என்ற அந்த முகாம் அதிகாரி இளம் ஆள். பல நாள் நித்திரை இல்லாத முகம். முற்றத்தோரமாக ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் எங்கள் பால்மாப் பேணி இருந்தது. அந்தப் பிள்ளையை அளக்கச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டார். சரீப் தமிழில் சொன்னார். அக்கா ஒரு அடி முன்னால் வைத்து, நான்தான் என்று வாயெடுத்தார்.

சோமசேகரம் அவர்கள் கையை நீட்டி அவரைத் தடுத்தார். தலைவர் இருக்கும்போது மற்றவர்கள் முதலில் பேசும் வழக்கம் சம்மேளனத்தில் இல்லை. அவர் கோட்டைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், எல்லா விழாக்களிலும் பேசுகிற குரலில் தொடங்கினார்.

“மேன்மைதங்கிய அதிகாரி அவர்களே! இந்தக் கழகத்தின் ஸ்தாபகன் அடியேன். என் அனுமதியில்லாமல் அந்த மண்ணில் ஒரு குச்சியும் நடப்பட்டதில்லை. அந்த இடத்தின் நீளமும் அகலமும் என் உள்ளங்காலுக்குத் தெரியும், என் தலைக்குள் இருக்கின்றன. யாருடைய உதவியும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், இந்தப் பெண்பிள்ளைகளை வருடக்கணக்காகப் பயிற்றுவித்து ஆளாக்கியவன் நான். நான் சொன்னால் இவர்கள் உயிரையும் கொடுப்பார்கள். இன்று ஒரு அணி. நாளை இந்த மாவட்டம் முழுவதும் இப்படி அணிகள் தோன்றும் என்பதை இச்சந்தர்ப்பத்தில் பெருமையுடன் அறியத்தருகின்றேன்.”

செயற்குழு கை தட்டியது.

சரீப்பின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சந்தைச் சிங்களம் கொஞ்சம் தெரியும். அவர் மொழிபெயர்த்தது நாலு வசனம்தான். அளக்கச் சொன்னது இவர். அளவுகள் எல்லாம் இவருடைய தலைக்குள் இருக்கிறதாம். பெட்டைகளுக்கு இரகசியமாகப் பயிற்சி கொடுத்ததும் இவர். இன்னும் ஆட்கள் வரப்போகிறார்களாம்.

பெரியவருக்கு நித்திரை கலைந்தது. எழுந்து வந்து சோமசேகரம் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே ஏதோ கட்டளை போயிற்று. கொஞ்ச நேரத்தில் தங்கமலரைக் கொண்டுவந்து எங்கள் பக்கம் விட்டார்கள். அவள் நேராகத் தாயிடம் போனாள். மாமி அவளுடைய முகத்தை, கையை, முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

இரண்டு படையினர் தலைவருக்கு இரு பக்கமும் வந்து நின்றார்கள். உள்ளே வரும்படி சொன்னார்கள். அவர் தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, செயற்குழுவைப் பார்த்துப் பெருமையோடு தலையை ஆட்டினார். அவர்கள் அவரை உள்ளே கொண்டுபோகவில்லை. திறந்திருந்த பின்கதவுப் பக்கமாக நடத்தி வாகனத்தில் ஏற்றினார்கள். சாரதி இயந்திரத்தை முடுக்கினான்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விழாக் குரல் எங்கேயோ போய்விட்டது.

“ஐயோ தம்பி, நான் இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. இந்தப் பெட்டையள் விளையாடிறதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆறு வருசமா இவையின்ர விண்ணப்பத்தை நான்தான் பதியவிடாமல் வைச்சிருக்கிறன். கேட்டுப் பாருங்கோ!”

சரீப் சொன்னதைக் கேட்ட பெரியவர் பேணியைத் தூக்கிக் காட்டி, அப்படியானால் இது எதற்கு என்று விளக்கும்படி சோமசேகரம் அவர்களைக் கேட்டார்.

“அது தொழில்நுட்ப உபகுழு பார்க்கிற விசயம்” என்றார் தலைவர், அழுதுகொண்டே.

பெரியவர் செயற்குழுப் பக்கம் திரும்பினார். இந்த மனிதர் சொல்வது உண்மையா? கனகரத்தினம் முதல் வேலையாகத் தன்னுடைய சைக்கிள் கதையை வாபஸ் வாங்கினார். பிறகு, செயற்குழு கூடித் தீர்மானிக்காமல் கருத்துச் சொல்ல ஏலாது என்றும், தலைவர் இல்லாமல் கூட ஏலாது என்றும், ஆனால் தலைவர் இல்லாவிட்டால் தலைவர் தானே என்பதால் அதைப்பற்றி அவசரப்படாமல் ஆறுதலாக யோசிக்கலாம் என்றும் விளக்கினார். தலையாட்டுகிறவர்கள் அன்றைக்கு எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கடைசியில் பெரியவர் அக்காவைப் பார்த்தார். தங்கமலர் தாயிடமிருந்து விலகி வந்து அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்திருக்கவேண்டும். இந்த ஆளுக்கும் உங்கள் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

பிள்ளை வெளியே வந்துவிட்டது. அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நாங்கள் வீட்டுக்குப் போகலாம். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லாதே அக்கா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

“இவருக்கும் எங்கட கழகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை சேர்” என்றார் அக்கா. “ஒரு நாளும் இருந்ததில்லை. அளக்கச் சொன்னது நான். மழை கோட்டை அழிச்சுப்போடும், எங்களிட்ட நாடா இல்லை. அதுதான் இந்தப் பிள்ளை நடந்து அளக்கிறது.”

“கேட்டீங்களா தம்பி, ஒரு நாளும் இல்லையாம்!” என்று சோமசேகரம் அவர்கள் வாகனத்துக்குள்ளிருந்து கும்பிட்டார்.

சரீப் இந்தத் தடவை ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தார். பெரியவர் மேசைப் பக்கம் திரும்பினார். பிறகு அவர் பேணிக்குள் விரலை விட்டு, தூளைத் தேய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, மேசையில் வைத்தார். விளையாடலாம் என்றார். ஆனால் இனி அளக்கக் கூடாது, குச்சி நடக் கூடாது, கோடு போடக் கூடாது. எல்லோரும் போகலாம்.

எல்லோரும் வானில் ஏறிச் சோதனைச்சாவடியைத் தாண்டினோம். தாண்டியதும் சோமசேகரம் அவர்கள் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கோட்டுப் பித்தானைப் பூட்டினார். ஒரு ஸ்தாபகனாகத் தன்னைப் பணயம் வைத்துப் பிள்ளையை மீட்டெடுத்த இந்த நாள் சம்மேளன வரலாற்றில் பதியப்படவேண்டும் என்றார். செயற்குழு தலையாட்டியது. அடுத்து, பாதுகாப்புத் தரப்பினர் முன்னிலையில் தலைவருக்குச் சம்பந்தமில்லை என்று கூறி அவமதித்த குணேஸ்வரி மீது விசாரணை தேவை என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். கலீலுர் றஹ்மான், யாப்பின்படி கோடு இல்லாத மைதானம் மைதானமே அல்ல என்றும், மைதானம் இல்லாத கழகத்துக்கு மத்தியானம் கொடுத்த பதிவு செல்லாது என்றும் நினைவூட்டினார். அப்போது யாரும் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

காலையிலிருந்து வாய் திறக்காத தங்கமலர் அப்போது பேசினாள்.

“வானை நிப்பாட்டுங்கோ. நான் இறங்கப் போறன்.”

சாரதி நிறுத்தினான். அவள் இறங்கினாள். தாய் இறங்கினார், அக்கா இறங்கினார், நானும் இறங்கினேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வீதியில் ஒரு சனம் இல்லை. அந்த நேரத்தில் பொம்பிளைகள் நடந்து போகிற வீதி அல்ல அது.

சோமசேகரம் அவர்கள் யன்னலால் தலையை நீட்டினார்.

“ஏதும் நடந்தால் சம்மேளனம் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்.”

“அது எங்களுக்குத் தெரியும் சேர்” என்றார் அக்கா.

வான் போய்விட்டது. காவலரண்களில் இருக்கிறவர்களுக்கு எங்கள் கைகள் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு, வீதியின் நடுவால், நாங்கள் நாலு பேரும் பாலையூற்றுக்கு நடந்தோம்.